குறை சொல்லக் கேட்கும் பக்குவம்

(நமது ஜமாஅத்தின் கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இமாமுக்கும் இன்டர்வியூவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் முதல் நாள் இரவு நம்மிடம் வந்து துஆச் செய்யச் சொல்கிறார்கள். போய் வந்த பிறகு என்ன கேட்டார்கள் என்பதையும் சொல்கிறார்கள். அவ்வாறு பலரும் சொல்லக் கேட்டதில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது. "உங்கள் வேலையில் உள்ள குறையை ஒருவர் சுட்டிக்காட்டிய சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?" இதுதான் அந்தக் கேள்வி. அவர்கள் இதை 'ஃபீட்பேக்' என்கிறார்கள். நாம் நஸீஹத் என்கிறோம். மார்க்கத்தில் நமக்கு மிகவும் பழக்கமான இந்த விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் வாயடைத்து நிற்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிப் பேசுவது நமக்குக் கடமையாகிறது.

ஏன் இந்தக் கேள்வி?

முன்பெல்லாம் நேர்முகத் தேர்வில் ஊர், குடும்பம், படிப்பு, பொது அறிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். "உன்னை நம்பி வேலை தரலாமா?" என்று கேட்டால், எவரும் "தரலாம்" என்றுதான் சொல்வார். அதனால் பயனில்லை என்று கண்ட உளவியல் அறிஞர்கள், ஒருவர் இதற்கு முன் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் கேட்டால் இனி எப்படி நடப்பார் என்பது விளங்கும் என்ற முடிவுக்கு வந்தனர். டாம் ஜான்ஸ் என்பவர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு வழிகாட்டிய ஆய்வுகளுள் ஒன்று. இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், வளைகுடா வேலை என்று எங்கு சென்றாலும் இத்தகைய கேள்விகள் வருகின்றன.

அரசு வேலைக்கு இது தேவையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மத்திய அரசில் கெஜட் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டது உண்மையே. ஆனால் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். முதலிய குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத் தேர்வுக்குரியது. உயர வேண்டுமானால் எதிரே அமர்ந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் பிள்ளைகள் சொல்லும் பதில்கள்

முதல் வகைப் பதில்: "என்னை யாரும் குறை சொன்னதே இல்லை." இதைக் கேட்பவர், ஒன்று இவர் பொய் சொல்கிறார், அல்லது இவரிடம் குறை சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை என்று எண்ணிக்கொள்வார். இரண்டுமே வேலை தருவதற்கான காரணங்கள் ஆகமாட்டா.

இரண்டாம் வகை: "அளவுக்கு மீறி உழைக்கிறேன் என்று சொன்னார்கள்." குறை என்ற பெயரில் தன் புகழையே பாடுவது இது. ஒரு நாளைக்கு இருபது பேரைப் பார்க்கும் அதிகாரிக்கு இது புரியாமல் போகாது.

மூன்றாம் வகை: "பழைய மேனேஜர் சரியில்லாதவர். எல்லோரையும் திட்டுவார்." சகோதரர்களே, இது புறம் பேசுதல். கீபத் பெரும்பாவம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை இன்டர்வியூவில் அதையே செய்வது தகுமா? இங்கே அவரைப் பேசுகிறவர் நாளை நம்மையும் வெளியே பேசுவார் என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார்.

நான்காம் வகை இப்போது பெருகியிருக்கிறது. இணையத்திலிருந்து ஆயத்தப் பதிலை எடுத்து, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வது. அது எப்போது நடந்தது, அவர் சொன்ன சொல் என்ன, மறுநாள் என்ன செய்தீர்கள் என்று மூன்று துணைக் கேள்விகள் வந்தால் கட்டிய கதை சரிந்துவிடும். சரியாமல் போனாலும் பொய் பொய்தான். பொய்யைக் கொண்டு பெற்ற சம்பளத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

மஸ்ஜிதுந் நபவியில் நடந்தது

இந்தக் கேள்விக்குரிய அழகிய முன்மாதிரி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இருக்கிறது. மதரஸாவில் ஓதியவர் எவரும் துல்யதைன் (ரலி) அவர்களின் ஹதீஸை அறிவார். ஒரு நாள் பகல் தொழுகையில் நான்கு ரக்அத்துக்குப் பதிலாக இரண்டு ரக்அத்திலேயே நபி (ஸல்) அவர்கள் ஸலாம் கொடுத்துவிட்டார்கள். எழுந்து சென்று பள்ளியில் இருந்த ஒரு மரக்கட்டையின்மீது சாய்ந்து நின்றார்கள். கூட்டத்தில் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். மரியாதையின் காரணமாக அவர்கள் பேசத் தயங்கினார்கள். அப்போது கைகள் நீண்டிருந்ததால் துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர் எழுந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்கள்.

உம்மத்துக்குச் சட்டம் கற்றுத் தருவதற்காக அல்லாஹ் நாடிய மறதி அது. அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தமக்குத் தெரிந்தவரை இரண்டும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். அத்தோடு பேச்சை முடித்துவிடவில்லை. துல்யதைன் சொல்வது சரிதானா என்று மற்றவர்களிடம் விசாரித்தார்கள். ஆம் என்று மக்கள் சொன்னதும் முன்னே சென்று விடுபட்ட இரண்டு ரக்அத்துகளைத் தொழ வைத்தார்கள். பிறகு மறதிக்குரிய ஸஜ்தா ஸஹ்வையும் செய்தார்கள்.

இதில் நான்கு படிகள் இருக்கின்றன. சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டல். அது சரியா என்று பிறரிடம் விசாரித்தல். உடனே திருத்திச் செய்தல். நேர்ந்த குறைக்கு ஈடு செய்தல். சொன்னவர் கூட்டத்தில் ஒருவர். கேட்டவர்களோ அகிலத்தின் அருட்கொடை. "நீ யார் கேட்பதற்கு?" என்ற சொல் அங்கே எழவே இல்லை.

பயிற்சி நிலையங்களில் 'ஸ்டார்' முறை என்று சொல்லித் தருகிறார்கள். நிலைமை, பணி, செயல், விளைவு என்ற வரிசையில் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல முறைதான், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரிசையில் இட்டு நிரப்புவதற்கு வாழ்க்கையில் ஒன்று நடந்திருக்க வேண்டும். பாத்திரம் மட்டும் இருந்து பண்டம் இல்லாவிட்டால் பரிமாறுவது எதை?

பண்டம் உங்களிடம் இருக்கிறது

"எனக்கு அனுபவம் இல்லையே, நான் எதைச் சொல்வது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மூன்று மாதிரிகளைச் சொல்கிறோம். இவற்றை அப்படியே ஒப்பிக்காமல், உங்கள் வாழ்க்கையில் இதுபோல் நடந்ததைத் தேடி எடுங்கள்.

ஹாபிழாகிவிட்டு பி.காம். முடித்த பிள்ளை, அலுவலக வேலைக்குத் தன் ஹிஃப்ழு உதவாது என்று நினைக்கிறார். அவர் இவ்வாறு சொல்லலாம்: "ரமலானில் நான் தராவீஹ் தொழ வைத்தேன். தவறு வந்தால் எடுத்துக் கொடுப்பதற்காகவே இன்னொரு ஹாபிழ் பின்னால் நிற்பார். ஒன்றுபோல வரும் வசனங்களில் நான் இடம் மாறிப் போகிறேன் என்று முதல் வாரத்திலேயே சொன்னார். தடுமாறிய இடங்களை ஒரு நோட்டில் குறித்து, தினமும் அஸருக்குப் பிறகு அவரிடமே ஓதிக் காட்டினேன். மாதக் கடைசியில் அவர் எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது." முஸ்லிமல்லாத அதிகாரிக்கும் இது விளங்கும். நூற்றுக்கணக்கானோர் பின்னால் நிற்க, ஒருவர் திருத்தம் சொல்வதை அந்த நொடியிலேயே ஏற்று ஓதியவருக்கு, அலுவலகத்தில் சொல்லப்படும் திருத்தம் பெரிய பாரமாக இராது.

கல்லூரி நாட்களில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பிள்ளை இவ்வாறு சொல்லலாம்: "வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் துணிகளை அள்ளிப் போட்டு விலை சொல்லத் தொடங்குவேன். என்ன விசேஷம், யாருக்கு எடுக்கிறார்கள் என்று கேட்காமல் எடுத்துப் போடுகிறாய் என்று சீனியர் அண்ணன் சொன்னார். முதலில் வருத்தமாக இருந்தது. மறுநாள் அவர் பக்கத்தில் நின்று அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தேன். பிறகு நானும் முதலில் கேட்டுவிட்டுத் துணி எடுத்தேன். பிரித்துப் போடும் துணி குறைந்தது. வந்தவர்கள் சீக்கிரம் முடிவு செய்தார்கள்." வருத்தமாக இருந்தது என்று சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. அது உண்மை என்பதால் கேட்பவர் மனத்தில் நிற்கும்.

பி.எட். முடித்த சகோதரி, பயிற்சி வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தே பேசியதையும், கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று வழிகாட்டி ஆசிரியை சொன்னதையும், மறுநாள் முதல் எழுதி முடித்துத் திரும்பிய பிறகே பேசப் பழகியதையும் சொல்லலாம்.

மூன்றிலும் குறையைச் சொல்ல ஒன்றிரண்டு வாக்கியமே செலவாகிறது. செய்த மாற்றத்திற்கே கூடுதல் இடம். இரண்டு நிமிடத்திற்குள் முடித்துவிடுங்கள். குறை சொன்னவரை மரியாதையோடு குறிப்பிடுங்கள்.

சொன்ன குறை தவறாக இருந்தால்?

இதையும் கேட்பார்கள். "உங்களுக்கு உடன்பாடில்லாத விமர்சனம் வந்தபோது என்ன செய்தீர்கள்?" கூஃபாவின் ஆளுநராக இருந்த ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள்மீது அவ்வூர் மக்கள் உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தனர். ஒழுங்காகத் தொழ வைப்பதில்லை என்பதும் அதில் ஒன்று. சுவர்க்கவாதி என்று நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர்மீது இப்படி ஒரு புகார்! உமர் (ரலி) அவர்கள் அழைத்துக் கேட்டபோது ஸஅத் (ரலி) அவர்கள் தம் தியாகங்களைப் பட்டியலிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் தொழ வைத்ததைப் போலவே தொழ வைப்பதாகவும், முதல் இரண்டு ரக்அத்துகளை நீட்டிப் பின் இரண்டைச் சுருக்குவதாகவும் செயலை விளக்கினார்கள். உங்களைப் பற்றி எம் எண்ணமும் அதுவே என்று கூறிய கலீஃபா, அத்துடன் விடாமல் ஆளனுப்பி, கூஃபாவின் பள்ளிகள்தோறும் விசாரிக்கச் செய்தார்கள். பனூ அப்ஸ் பள்ளியில் ஒருவர் குறை சொன்னதைத் தவிர, மற்ற இடங்களில் எல்லாம் நல்லதாகவே சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ளது.

ஆகவே, உடன்பாடில்லாத குறை வந்தால் பட்டம், பரம்பரை, பழைய பெருமை பேசாமல், செய்த வேலையை ஒழுங்காக விவரியுங்கள். விசாரணைக்கு இடம் கொடுங்கள். குறையில் ஒரு பகுதி சரியாக இருந்தால் அந்தப் பகுதியை ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லுங்கள்.

நம் மதுரையில் ஓர் எடுத்துக்காட்டு

இக்காலத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, நம் அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுகிறோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர்கள் நடத்திய இலவச முகாம்களை நம் பெரியவர்கள் பலரும் அறிவார்கள்.

அம்முகாம்கள் உலக அளவில் பாராட்டைப் பெற்றிருந்த காலத்தில், மதுரைப் பகுதிக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. லண்டன் ஆய்வாளர்களுடன் அரவிந்த் நிறுவனத்தாரும் சேர்ந்தே அதைச் செய்தார்கள். கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே என்று அது கூறிற்று. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, வயதாகிவிட்டது இனி எதற்கு என்ற எண்ணம் முதலியவை மற்றவர்களைத் தடுத்தன.

இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை பேருக்குப் பார்வை கொடுத்தோம் என்று அவர்கள் பதில் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் வராத தொண்ணூற்று மூன்று பேரை எப்படி அடைவது என்று சிந்தித்தார்கள். என்றோ ஒரு நாள் வந்து போகும் முகாம் மட்டும் போதாது என்று உணர்ந்து, சிற்றூர்களிலேயே நிரந்தரமாகச் செயல்படும் கண் பரிசோதனை மையங்களை 2004 முதல் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார்கள். மருத்துவர் தம் மருத்துவமனையில் இருந்தபடியே கணினி வழியாக நோயாளியிடம் பேசுவார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. தாமே முன்வந்து குறையைத் தேடி, கேட்டு, விசாரித்து, திருத்தியதன் பலன் இது. நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இந்த வரலாற்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை வாலிபர்களிடம் பேசினோம். இனிச் சொல்வது ஜமாஅத்தாராகிய நமக்கு.

குறையை ஏற்கும் பழக்கம் இன்டர்வியூ அறையில் பிறப்பதில்லை. வீட்டிலும் பள்ளிவாசலிலும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு அது வருகிறது. வகுப்பில் பிள்ளை கவனிப்பதில்லை என்று ஆசிரியர் சொன்னால், பிள்ளையிடம் விசாரிக்காமல் ஆசிரியரோடு சண்டைக்குப் போகும் தகப்பனாரின் பிள்ளை என்ன கற்றுக்கொள்வார்? சாலனில் உப்பு கூடிவிட்டது என்று மருமகள் சொன்னால் வீடு இரண்டாகிறது என்றால், அந்த வீட்டுப் பிள்ளைக்குக் குறை என்பது மானப் பிரச்சினையாகத்தானே தெரியும்?

பொதுக்குழுவை எடுத்துக்கொள்வோம். எந்த ஊர் ஜமாஅத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான். வரவு செலவு வாசிக்கப்படுகிறது. ஓர் இளைஞர் எழுந்து, ஹவுளுத் தண்ணீர் சரியாக மாற்றப்படுவதில்லை என்கிறார். உடனே ஒரு குரல் வருகிறது: "நீ எத்தனை வக்து தொழுகிறாய்?" கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. தண்ணீரும் மாறுவதில்லை, அந்த இளைஞரும் அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை. பிறகு வாலிபர்கள் பள்ளியோடு ஒட்டவில்லை என்று நாமே கவலைப்படுகிறோம்.

முஆத் (ரலி) அவர்கள் இஷாவில் நீண்ட சூராவை ஓதியபோது, பகலெல்லாம் நீர் இறைக்கும் ஒட்டகங்களோடு பாடுபட்ட ஒரு தொழிலாளி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். உழைப்பாளியின் அந்த முறையீட்டை ஏற்று, சிறந்த ஆலிமாகிய முஆத் (ரலி) அவர்களையே நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். ஆகவே ஜமாஅத்தில் யாரிடமும் குறை சொல்லலாம், இமாமிடமும் சொல்லலாம். சொல்லும் முறைக்கு ஒழுக்கம் உண்டு. தனிப்பட்ட குறையைத் தனிமையில் சொல்வதே நஸீஹத். பொதுக் காரியத்தை மரியாதையான சொல்லில் பொதுவில் கேட்கலாம்.

இதற்கு ஒரு யோசனையை நிர்வாகிகள் முன் வைக்கிறோம். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கை அடுத்து ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் மூன்று பத்திகள் இருக்கட்டும்: ஜமாஅத்தார் சுட்டிக்காட்டிய குறைகள், அவற்றில் சரி செய்யப்பட்டவை, சரி செய்ய இயலாதவையும் அதற்கான காரணமும். ஹவுளுத் தண்ணீரும் அதில் வரட்டும், மக்தப் மதரஸா நேரமும் வரட்டும், பயானின் நீளமும் வரட்டும். மக்தபில் ஓதும் பிள்ளைகளிடமும் கருத்துக் கேளுங்கள். பத்து வயதில் தான் சொன்ன ஒன்றைப் பெரியவர்கள் கேட்டுச் செய்ததைப் பார்த்த பிள்ளை, தன்னிடம் சொல்லப்படும் திருத்தத்தையும் மதிக்கக் கற்றுக்கொள்வார். இருபத்திரண்டு வயதில் மேசைக்கு எதிரே அமரும்போது அவர் பதிலைத் தேடி அலைய வேண்டியிராது.

குறையைச் சொல்வதில் நன்னோக்கத்தையும், கேட்பதில் பொறுமையையும், திருத்துவதில் விரைவையும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! நம் மஹல்லாவின் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஹலாலான, பரக்கத்தான வாழ்வாதாரத்தை இலகுவாக்கித் தருவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.